முள் தொட்டில்

சென்ற சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் இருபத்தைந்து நாள் உபவாசம் இருந்தார். ஏகாதசி தவறாமல் விரதம் காக்கும் என் தாயாரே அதைப் பார்த்து அயர்ந்து போனார். "நான் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே சாயங்காலம் தலை சுற்றுகிறது, இவனுக்கு எப்படித்தான் தாங்குகிறதோ?" என்று தினம் காலையில் கண்ணாடித் தொட்டியின் முன் நின்று அங்கலாய்ப்பார். உபவாசம் இருந்தவர் மூன்று அங்குல நீளமுள்ள ஒரு மீன்.

நாகர்கோவிலில் இருக்கும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கடல் ஜலம் நிரப்பிய தொட்டி ஒன்று சில வருஷங்களாக இருந்து வருகிறது. அதில் ஒரு ஜோடி பாங்காய் மீன்கள். வெள்ளியைத் தட்டிச் செய்தது போன்ற உடல். அதன் மேல் கறுப்புப் பட்டைகள் மூன்று. பட்டையிலும் செட்டையிலும் வெண்முத்துப் புள்ளிகள். உடலைக் காட்டிலும் நீளமாகத் தோன்றும் செட்டைகள். அசையாமல் ஓரிடத்தில் நிற்பதே இந்த மீனின் அழகு. சென்னைக் கொளத்தூர் அலங்கார மீன் சந்தையில் வாங்கி, பிளாஸ்டிக் பையில் ஜலத்தோடு ரயிலில் கொண்டு வந்தேன்.

பாங்காய் மீனின் குடும்ப வாழ்க்கையை அறிந்தால் நேயர்கள் வியப்படைவார்கள். பெண் மீன் முட்டைகளை வெளியிட்டதும் ஆண் மீன் அவற்றைத் தன் வாய்க்குள் வாங்கிக் கொள்கிறது. முட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இருக்கும். எண்ணிக்கையோ சுமார் ஐம்பதுதான். வாயிலேயே முட்டை பொரிக்கிறது. பொரித்த குஞ்சுகளும் இன்னும் சில நாள் அங்கேயே வளர்கின்றன. இப்படியாக மூன்று நான்கு வாரங்கள் தகப்பன் ஒரு வாய் உணவும் கொள்வதில்லை. இரையைக் கண்முன்னே தூவினாலும் முகத்தைத் திருப்பிக் கொள்ளும். கன்னம் உப்பி, உடல் மெலிந்து, மூலையில் ஒதுங்கி நிற்கும் அதனைக் கண்டால் கல்நெஞ்சும் கரையும்.

மற்றக் கடல் மீன்களின் வழி வேறு. நம் வீடுகளில் குழம்பு வைக்கும் நெய்மீன் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். அவை நீரோட்டத்தோடு அலைந்து, கோடியில் ஒன்று பெரிய மீனாகும். பாங்காய் மீன் அவ்வாறு தன் சந்ததியை அலைகளிடம் ஒப்படைப்பதில்லை. தகப்பன் வாயை விட்டு வெளியே வரும் போதே குஞ்சுக்குப் பட்டையும் செட்டையும் அமைந்து, அரை அங்குலத்துக்கும் குறைந்த முழு மீனாக அது இருக்கிறது. ஐம்பதே பிள்ளைகள், ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் பெரிய சொத்து.

அப்பிள்ளைகள் வெளியே வந்ததும் முதலில் தேடுவது உணவை அல்ல. ஒளிந்துகொள்ள ஓர் இடத்தை. அந்த மீனின் சொந்த ஊராகிய இந்தோனேஷியாவில், ஸெலிபீஸ் என்று முன்னாளில் வழங்கிய சுலவேசித் தீவுக்குக் கிழக்கேயுள்ள பாங்காய்த் தீவுகளில், கடல் முள்ளெலி என்னும் பிராணி ஆழமில்லாத கரையோரங்களில் கூட்டங் கூட்டமாக இருக்கிறது. ஓர் எலுமிச்சம்பழத்தில் நூற்றுக்கணக்கான கறுப்பு ஊசிகளைக் குத்தி வைத்தாற்போல் இருக்கும் பிராணி அது. அந்த ஊசிகளின் நடுவே பாங்காய்க் குஞ்சுகள் புகுந்து கொள்ளுகின்றன. பெரிய மீன் எதுவும் அங்கே வாயை நுழைக்கத் துணியாது. குஞ்சின் உடலிலுள்ள கறுப்புப் பட்டைகளும் முள்ளின் நிழலும் ஒன்றாகிவிடுவதால், குஞ்சு இருப்பதே தெரியாது. உலகத்தில் பிள்ளைகளுக்குப் பஞ்சு மெத்தையில் தொட்டில் கட்டுவார்கள். இந்த மீனுக்கு முள்ளே தொட்டில்.

என் தொட்டியில் அந்த முள் இல்லை. அதன் பலனை நான் சித்திரைக் கடைசியில் கண்டேன்.

ஒரு நாள் காலையில் தகப்பன் மீன் ஆவலோடு இரை தின்றது. வீட்டில் ஒரே சந்தோஷம். என் பத்து வயதுப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்து, "அப்பா, குட்டிகள்!" என்று கூவினாள். பத்தொன்பது இருந்தன. இராத்திரி எத்தனை பிறந்தனவோ, காலைக்குள் எத்தனை போயினவோ தெரியாது. நாங்கள் பார்த்துக் கொண்டிருக்கையிலேயே தாய் மீன் விருட்டென்று பாய்ந்து ஒன்றை விழுங்கியது. சற்று நேரத்தில், இருபத்தைந்து நாள் பட்டினி கிடந்து அவற்றைக் காத்த தகப்பனே மற்றொன்றைத் துரத்தலாயிற்று. "ஐயோ, இவன் அப்பன் இல்லையா?" என்று என் பெண் அழுதாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? வாயை விட்டு வெளியேறிய பின் அது தன் குஞ்சு என்ற நினைவு மீனுக்கு இல்லை. கடலிலே இடைவெளி உண்டு, முள் உண்டு. ஆகவே தப்பிக்க வழி உண்டு. கண்ணாடிக்குள் நான்கு சுவர்தான் உண்டு. குற்றம் மீனுடையதன்று, வீடு கட்டாமல் குடி வைத்த என்னுடையது.

அவசரம் அவசரமாக எஞ்சிய குஞ்சுகளைக் கிண்ணத்தில் முகந்து சிறு தொட்டி ஒன்றுக்கு மாற்றினேன். முள்ளுக்கு எங்கே போவது? அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சந்தையில் புதிதாக வாங்கிய தென்னை வாரியல் சாத்தியிருந்தது. அதன் ஈர்க்கில்களை முறித்துக் கட்டி, ஒரு கல்லின் மேல் முள்ளெலி போலப் பரப்பி வைத்தேன். குஞ்சுகள் அதற்குள் ஓடிப் புகுந்த வேகத்தைப் பார்த்து என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக் கொண்டேன். மூன்றாம் நாள் ஜலம் வெளுத்த தேநீர் போலாயிற்று. நாலாம் நாள் அதில் ஒரு நாற்றம். ஐந்தாம் நாள் காலையில் ஒரு குஞ்சும் இல்லை.

ஓலை, மட்டை, நார் இவையெல்லாம் ஜலத்தில் சாறு விட்டு அழுகும் பொருள்கள். பெருங்கடலில் அழுகல் கரைந்து போகும். இருபது லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? அழுகும் பொருளிலிருந்து உண்டாகும் அம்மோனியா அரை அங்குலக் குஞ்சுக்கு விஷம். குஞ்சுகளைக் காத்த வீடே அவற்றைக் கொன்றுவிட்டது. வீட்டில் அன்று யாரும் என்னைக் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

உண்மையான முள்ளெலியையே கொண்டு வந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். கன்னியாகுமரிப் பாறைகளில் கடல் வற்றியிருக்கும் வேளையில் குனிந்து பார்ப்பவர்கள், கல் இடுக்குகளில் கறுத்த முள்ளெலிகள் பதிந்திருப்பதைக் காணலாம். முட்டம், விழிஞ்ஞம் பாறைகளிலும் அவை உண்டு. ஆனால் நம் கரையில் மிகுதியாக உள்ள அந்த ஜாதியின் முள் தடித்தது. குஞ்சு புகுந்து நிற்கத் தகுந்த மெல்லிய நீண்ட ஊசி அன்று. பாங்காயில் உள்ள நீண்ட முள் ஜாதியைக் கொண்டு வந்தாலோ, அதன் முள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும். குழந்தைகள் கை விடும் தொட்டியில் அது ஆகாது. மேலும் அலை அடிக்கும் பாறையில் பிழைக்கும் பிராணி சிறு தொட்டியில் சீக்கிரம் செத்து, ஜலத்தைக் கெடுக்கும். பவளக் கொம்பை ஒடித்து வைக்கலாமே என்று எவரும் எண்ண வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-ஆம் வருஷம் முதல் பவளங்கள் இடம் பெற்றிருக்கின்றன. அதனை எடுப்பதும் விற்பதும் புலியைத் தொடுவதற்குச் சமமான குற்றம்.

ஆகவே முள்ளை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். வெளிநாடுகளில் இந்த மீனை வளர்ப்போர் பலர் கையாளும் உபாயம் ஒன்று உண்டு. அதை நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டு நான் செய்த விதத்தை இங்கே எழுதுகிறேன். நூறு ரூபாய்ச் செலவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

மின்கம்பி வேலைக்காரர்கள் கம்பிகளைச் சேர்த்துக் கட்ட 'கேபிள் டை' என்று ஒரு நைலான் நாடா வைத்திருப்பார்கள். ஒரு நுனி கூர்மையாகவும் மறு நுனியில் சதுரமான தலையுடனும் இருக்கும். கறுப்பு நிறத்தில், ஆறு அங்குல நீளமும் இரண்டரை மில்லிமீட்டர் அகலமும் உள்ளதாக ஐம்பது வாங்கிக் கொள்ளவும். சிலவற்றின் தலைக்குள் சிறு இரும்பு நாக்கு இருக்கும். உப்பு ஜலத்தில் அது துருப்பிடிக்கும். முழுவதும் நைலானாக உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். குழாய்ச் சாமான் கடையில் இரண்டரை அங்குல பி.வி.ஸி. குழாயின் முனையை அடைக்கும் மூடி ஒன்று வாங்கவும். இவ்விரண்டும் போதும். பசை, சிமெண்டு, வர்ணம் எதுவும் வேண்டாம். இவை என்னென்ன கலந்து செய்யப்பட்டவை என்பது நமக்குத் தெரியாது, குஞ்சுக்குத் தெரிந்துவிடும்.

மூடியைக் கவிழ்த்து, அதன் முதுகிலும் பக்கங்களிலும் 3 மில்லிமீட்டர்த் துளைகள் ஐம்பத்தைந்து இட வேண்டும். துளைக்குத் துளை ஒரு விரற்கடைக்குச் சற்றுக் குறைவான இடைவெளி இருக்கட்டும். துளையின் பிசிறுகளை உப்புக் காகிதத்தால் தேய்த்து விடவும். பிறகு நாடாவின் கூர்நுனியை மூடியின் உட்புறத்திலிருந்து வெளியே இழுத்தால், சதுரத் தலை துளையில் நுழையாமல் உள்ளேயே தங்கிவிடும். ஐம்பது துளையிலும் இவ்வாறு கோத்து முடித்தால், பாதி முள்ளெலி ஒன்று கையில் உட்கார்ந்திருக்கும். மீதி ஐந்து துளைகளையும் திறந்தே விட வேண்டும். மூடிக்குள் காற்றுக் குமிழியும் கெட்ட ஜலமும் தேங்காமல் இருப்பதற்கு அதுவே வழி. நுனிகளைச் சிறிதும் பெரிதுமாக வெட்டி, வெட்டிய முனையையும் தேய்த்து விடவும். பி.வி.ஸி.யும் நைலானும் ஜலத்தைவிடக் கனமானவை. ஆதலால் தனியே கல் கட்டாமலே அது தொட்டியின் அடியில் நின்றுவிடும்.

செய்தவுடன் போட்டுவிடலாகாது. நல்ல ஜலத்தில் மூன்று நாள் ஊற வைத்து, தினம் ஜலம் மாற்றவும். சோப்பு கூடவே கூடாது. பிறகு தகப்பன் வாயை மூடிய முதல் வாரத்திலேயே பெரிய தொட்டியின் ஒரு மூலையில் அதனை வைத்துவிட வேண்டும். குஞ்சு பிறந்த பின் வீடு தேடுவது பிரசவ வேதனையில் மருத்துவச்சி தேடுவது போன்றது. தகப்பன் மீனையும் வலையால் பிடித்து அலைக்கழிக்கலாகாது. திடுக்கிட்டால் அது வாயிலுள்ளதைத் துப்பிவிடும், அல்லது விழுங்கிவிடும்.

குஞ்சுகள் இராத்திரியில் வெளிவந்தால் தாமே முள்ளுக்குள் புகுந்திருக்கும். காலையில் அகலமான ஒரு கிண்ணத்தை மெள்ள ஜலத்துக்குள் அமிழ்த்தி, முள்ளெலியை அப்படியே அதற்குள் ஏற்றி, ஜலத்தோடு தூக்கினால் குஞ்சுகளும் கூடவே வந்துவிடும். பயந்த குஞ்சு முள்ளை விட்டு ஓடாது. இன்னும் உள்ளே போகும். சிறு தொட்டியில் முன்னதாகவே பெரிய தொட்டியின் பழகிய ஜலத்தை நிரப்பி வைத்திருக்க வேண்டும். காற்றுக் குழாயால் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்று போதும். வேகமாக இழுக்கும் இயந்திரம் வைத்தால் குஞ்சு அதற்குள் போய்விடும். வெயிலில் ஜலம் ஆவியாகிக் குறைந்தால் கடல் ஜலம் ஊற்றலாகாது. ஆவியாவது ஜலம் மட்டுமே. உப்பு தொட்டியில் நின்றுவிடுகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் என்ற கடலின் உப்பு அளவு ஏறாமல் இருக்க, குறைந்த அளவுக்கு நல்ல ஜலமே விட வேண்டும்.

ஆகாரத்துக்கு ஆர்ட்டிமியா என்னும் உப்பளத்துப் பூச்சி. தூத்துக்குடி உப்பளங்களிலும் இது காணப்படுகிறது. இதன் முட்டை டப்பாவில் விற்கிறது. உப்பு ஜலத்தில் இட்டுக் காற்றுக் குமிழி விட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். பாங்காய்க் குஞ்சு பிறந்த அன்றே இதைத் தின்னும். வெறும் ஆர்ட்டிமியாவையே நாள் கணக்கில் கொடுத்தால், சத்துக் குறைவால் குஞ்சு சிறு அதிர்ச்சிக்கும் மூர்ச்சித்து விழுந்து இறப்பதுண்டு. கடல் மீனுக்கு வேண்டிய கொழுப்புச் சத்து அதில் குறைவு. அச்சத்தை ஊட்டும் திரவம் மீன் கடைகளில் கிடைக்கிறது. பூச்சியை முதலில் அதில் சில மணி நேரம் விட்டு, பிறகு குஞ்சுக்குக் கொடுப்பது நலம். இருட்டறையில் திடீரென்று விளக்குப் போடுவதையும் தொட்டியைத் தட்டுவதையும் விட்டுவிட வேண்டும்.

ஆடி மாதத்தில் தகப்பன் மீன் மறுபடியும் உபவாசம் முடித்தது. இம்முறை காலையில் என் பெண்ணால் குஞ்சு ஒன்றையும் காண முடியவில்லை. முகம் வாடிப் போயிற்று. பிறகு கறுப்பு முள்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி அசைந்தது; பிறகு மற்றொன்று. எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. முப்பத்திநாலு. தாய் மீன் இரண்டு முறை நெருங்கி வந்து, முள் நுனி மூக்கில் பட்டதும் திரும்பிப் போயிற்று.

எங்கள் தெருவுக்கு நெடுநாளாக மீன் கொண்டு வரும் மூதாட்டி ஒருவர் உண்டு. கடற்கரைக் கிராமத்துக்காரர். கூடையை இறக்கி வைத்துவிட்டு இந்த வேடிக்கையைப் பார்த்துக் கொண்டிருந்தவர் சிரித்தார்.

"மக்களே, எங்க ஆளுவ கடலுக்குள்ள செய்யுத வேலைய நீ கண்ணாடிக்குள்ள செய்யுத. தென்னந்தூரும் கல்லும் கொண்டு போயி தாத்துனா, கொஞ்ச நாள்ல மீனு அங்க வந்து குடியிருக்கும்" என்றார்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. நம் தென்கோடிக் கடலின் அடித்தளம் பெரும்பாலும் மணலும் சேறும். ஆங்காங்கே தலை தூக்கும் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். பாரில்தான் மீன் குஞ்சுக்கு இடுக்கு உண்டு. இடுக்கு உள்ள இடத்தில்தான் மீன் உண்டு. மலை முகட்டையும் கோபுரத்தையும் ஒரே நேரில் வைத்துக் கடலுக்குள் பார் இருக்கும் இடத்தைக் குறி பிசகாமல் கண்டுபிடிப்பது நம் மீனவர்களின் பரம்பரை வித்தை. இழுவைப் படகுகள் பெருகி அடிக்கடலை வாரிக் கொண்டு போகத் தொடங்கிய பின், 1980-களில் திருவனந்தபுரம் கரையின் மீனவர்கள் தாங்களே பணம் பிரித்துக் கல், தென்னந்தூர், காங்கிரீட் முதலியவற்றைக் கடலில் இறக்கிப் புதிய பார்களை உண்டாக்கினார்கள். மீன் கூடுவது ஒரு லாபம். இழுவை வலை அங்கே சிக்கிக் கிழியும் என்பது மற்றொரு லாபம். ஜான் குரியன் என்னும் அறிஞர் இந்த முயற்சியைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் தமிழ்நாட்டுக் கரை நெடுகிலும் சர்க்காரின் முயற்சியால் காங்கிரீட் பார்கள் இறக்கப்பட்டிருக்கின்றன. என் மூடியும் நாடாவும் அந்தப் பெரிய வேலையின் பொம்மை உருவந்தான்.

மூதாட்டி அதோடு நிறுத்தவில்லை. "வீடு கெட்டுதது சரி மக்களே. வீடு கெட்டுனவனே வாசல்ல இருந்து தூண்டி போட்டா, அது வீடா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக் கொண்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கணவாய் தன் முட்டைகளைத் திராட்சைக் கொத்துப் போல எதிலாவது ஒட்டி வைக்கும் பிராணி. தேங்காய் பறித்த பிறகு மிஞ்சும் குலைக்காம்புகளைக் கட்டி, மணல் மூட்டையோடு கடலில் இறக்கினால், முட்டையிட இடம் தேடும் கணவாய்கள் அங்கே கூடும். நம் மாவட்டத்திலிருந்து தொழிலுக்காகக் கர்நாடகக் கடலுக்குச் சென்ற மீனவர் சிலர் இந்த உபாயத்தைக் கையாண்டு மிகுதியாகக் கணவாய் பிடித்தனர். அங்குள்ள மீனவர்களுக்கும் இவர்களுக்கும் சச்சரவுகள் உண்டாயின. மீன் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டிய கவலை வேறு: முட்டையிட வந்த தாய்களே பிடிபடுகின்றன, காம்புகளில் ஒட்டிய முட்டைகளும் பல வேளைகளில் நாசமாகின்றன. பிழைப்புக்காகப் பல நூறு மைல் போய் உழைப்பவர்களைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவன் கண்டிப்பது அழகன்று. காம்புக் கொத்தைக் கடலிலேயே விட்டுவைத்தால் முட்டையாவது பொரிக்கும் என்பதை அந்தத் தொழிலாளர்களும் அறிவார்கள். நான் சொல்ல வருவது இவ்வளவே: பிள்ளைக்குக் கட்டும் வீடும் பிராணியைப் பிடிக்கும் பொறியும் பார்வைக்கு ஒன்றே. கட்டியவன் பிறகு என்ன செய்கிறான் என்பதிலேதான் அது வீடா, பொறியா என்பது தீர்மானமாகிறது.

என் தொட்டிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். கௌமன்ஸ் என்னும் டச்சு அறிஞர் 1933-ஆம் வருஷம் பாங்காய் மீனுக்குப் பெயர் சூட்டினார். பிறகு அறுபது வருஷம் உலகம் அதை மறந்திருந்தது. 1990-களின் நடுவில் ஜெரால்ட் ஆலன் என்னும் மீனியல் அறிஞர் மறுபடியும் அதனை எடுத்துக் காட்டினார். உடனே தொட்டி வளர்ப்போர் கண் அதன் மேல் விழுந்தது. சில வருஷங்களுக்குள் ஆண்டொன்றுக்கு ஏழு லட்சம் வரையில் பிடிபட்டதாக ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டனர். லட்சக்கணக்கில் முட்டையிடும் மீன் அந்த நஷ்டத்தைத் தாங்கலாம். ஐம்பது பிள்ளை பெறும் மீன் எப்படித் தாங்கும்? குஞ்சுகள் அலையில் மிதந்து அடுத்த தீவுக்குப் போவதும் இல்லை. ஆகவே ஒரு விரிகுடாவில் அழிந்தால் பக்கத்திலிருந்து வந்து நிரப்புவாரும் இல்லை. போதாக்குறைக்கு அவற்றின் தொட்டிலாகிய முள்ளெலியையும் மனிதர்கள் வாரிக்கொண்டு போனார்கள். 2007-ஆம் வருஷத்தில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்த மீனை அழிவை நெருங்கும் பிராணிகளின் பட்டியலில் சேர்த்தது.

நான் கொளத்தூரில் வாங்கிய ஜோடி கடலில் பிடிக்கப்பட்டதா, தொட்டியில் பிறந்ததா என்று அன்று நான் கேட்கவில்லை. இப்போது மீன் வாங்கப் போகிறவர்கள் அதை முதற் கேள்வியாகக் கேட்க வேண்டும். வீட்டிலே பிறந்த ஒவ்வொரு குஞ்சும் கடலில் ஒரு மீனைப் பிடிக்காமல் விடுவதற்குக் காரணமாகலாம். கைத்தொழிலுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? நம் அருகிலேயே விழிஞ்ஞத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் நிலையம் இருக்கிறது; அதன் ஸாகரிகா என்னும் காட்சிச் சாலையைக் குழந்தைகளுக்குக் காட்டி வரலாம். சாமந்திச் செடி போன்ற கடல் அனிமோனில் வாழும் கோமாளி மீனை, கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே பெருக்கும் முறைகளை அந்த ஸ்தாபனத்தார் வகுத்திருக்கிறார்கள். பெரிய நிலையங்கள் செய்வதைச் சிறிய அளவில் குடும்பங்களும் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கை. குஞ்சு மிஞ்சிவிட்டதே என்று இரக்கப்பட்டுக் கன்னியாகுமரிக் கடலில் கொண்டு போய் விட்டுவிடக் கூடாது. அது இந்தக் கடலின் மீன் அன்று. இந்தோனேஷியாவிலேயே வியாபாரிகள் வழியாக வேறிடங்களில் இறங்கிய பாங்காய் மீன்கள் அங்கே குடியேறிப் பெருகியிருக்கின்றன; அதனால் அவ்விடத்துப் பிராணிகளுக்கு என்ன கேடு வருமோ என்ற கவலை இருக்கிறது. கடலில் விடுவது தருமம் போலத் தோன்றும், தருமம் அன்று.

எங்கள் முப்பத்திநாலில் இருபத்தாறு பிழைத்தன. ஒரு அங்குலம் வளர்ந்ததும் அவை முள்ளை விட்டு வெளியே வந்து, தகப்பனைப் போலவே அசையாமல் நிற்கப் பழகிக் கொண்டன. ஆறை எங்களுக்கென்று வைத்துக் கொண்டு, இருபதை மூன்று சிநேகிதர் வீடுகளுக்குக் கொடுத்தோம். என் பெண் ஒரு நிபந்தனை போட்டாள்: மீனோடு கூட ஒவ்வொருவரும் ஒரு முள்ளெலியும் எடுத்துச் செல்ல வேண்டும். அந்த மூன்றையும் அவளும் அவளுடைய ஆச்சியுமாக இரண்டு சாயங்காலங்களில் உட்கார்ந்து கோத்தார்கள். பூ தொடுத்துப் பழகிய என் தாயாரின் விரல்களுக்கு அது வெகு சுலபமாக வந்தது.

பழைய வாரியல் இன்னும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஈர்க்கில் முறிந்த பக்கம் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிகிறது. அதைப் பார்க்கும் போதெல்லாம் அந்த முதல் பத்தொன்பதும் எனக்கு நினைவுக்கு வரும்.